லீவா இல்லையா? காற்றைக் கேளுங்கள்!

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் செயின்ட் ஜான்ஸ் என்ற ஊர். ஆகஸ்ட் முதல் புதன்கிழமை அங்கே படகுப் பந்தயம், ஊருக்கே விடுமுறை. ஆனால் ஒரு நிபந்தனை. அன்று விடிகாலையில் பந்தயக் குழு க்விடி விடி ஏரியின் காற்றைப் பார்த்து 'நடக்கும்' என்று சொன்னால்தான் லீவு. இல்லையென்றால் எல்லோரும் வேலைக்குப் போகணும், பந்தயம் தள்ளிப்போகும். எப்படியும் லீவுதான் என்று செவ்வாய் ராத்திரி முழுக்கக் குடித்துக் கூத்தடித்தவன் பாடு திண்டாட்டம்! இந்தச் சூதாட்டத்துக்காகவே எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனது.

சுமார் 200 வருடப் பழக்கம் இது. படகுக்கு ஆறு பேர் துடுப்பு, ஒருவர் சுக்கான். ஏரியின் மறுகோடி வரை போய், மிதவையைச் சுற்றித் திரும்பி வரணும். அந்தத் திருப்பத்தில் கொஞ்சம் அகலமாகச் சுற்றினால் போச்சு.

1901-ல் பக்கத்து ஊரான அவுட்டர் கோவ் மீனவர்கள் 9 நிமிடம் 13.8 விநாடியில் முடித்தார்கள். 1981 வரை அதை யாராலும் முறியடிக்க முடியவில்லை. அப்போதும் இரண்டு விநாடிகூட வித்தியாசமில்லை. பயிற்சியாளர், ஜிம், புரோட்டீன் பவுடர் எதுவும் இல்லாத காலம்ங்க அது!