சப்ளியில் தேறினேன்: தாடை மூட்டை விரல் வைத்துப் படியுங்கள்

போன வாரம் ரிசல்ட் வந்தது. பி.டி.எஸ். (பல் மருத்துவம்) முதல் வருஷ அனாட்டமி (உடற்கூறு), சப்ளிமெண்டரியில் (தவறியவர்களுக்கான மறுதேர்வில்) பாஸ். அம்மா வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் அன்றைக்குச் சாப்பிட்டார். மாதக்கணக்கில் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிய சூட்டோடு இதை எழுதுகிறேன்.

முதல் தடவை என்னைக் கவிழ்த்தது வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. மண்டை ஓட்டைக் கையில் கொடுத்து, "மீடியல் டெரிகாய்டு எங்கே ஆரம்பிக்குது, காட்டு" என்றார்கள். அவர்கள் கேட்டது அந்த மெல்லும் தசை ஆரம்பிக்கும் இடம். நான் காட்டியது மீடியல் (உள்பக்க) டெரிகாய்டு தகடு என்ற எலும்பை. பெயர் ஒன்றுதானே என்று நினைத்துவிட்டேன். அதற்கப்புறம் தெரிந்த பதில்கூட வாயில் வரவில்லை.

வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: இரண்டு டெரிகாய்டு தசைகளுக்கும் ஆரம்பம் லேட்டரல் (வெளிப்பக்க) தகடுதான். தலை என்றால் தசை ஆரம்பிக்கும் பிரிவு. வெளிப்பக்கத்தில் லேட்டரலின் கீழ்த்தலை, உள்பக்கத்தில் மீடியலின் ஆழத் தலை. ஒரே சுவர், தெருப்பக்கம் ஒருவர், வீட்டுப்பக்கம் ஒருவர். லேட்டரலின் மேல்தலை ஸ்பீனாய்டு எலும்பின் பெரிய இறக்கையிலிருந்து வருகிறது.

நான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன். 12 வரை தமிழ் மீடியம். வரிகளை ஓசையாக மனப்பாடம் செய்தேனே தவிர, எலும்பைத் திருப்பிப் பார்க்கவில்லை. என்னைப் போல வந்திருப்பவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு முதலில் விரலை எடுங்கள்.

காதுத்துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேடு, அதற்குச் சற்று முன்னே விரலை வையுங்கள். வாயைக் கொஞ்சமாகத் திறந்தால் காண்டைல் (தாடை எலும்பின் உருண்டை முனை) அதே இடத்தில் உருளும். அது, மூட்டுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்குக்குக் கீழ் அறையில் நடப்பது. இன்னும் அகலமாகத் திறந்தால் விரலுக்கு அடியில் பள்ளம் விழும். காண்டைல் டிஸ்கோடு சேர்ந்து முன்னால் வழுக்கிவிட்டது, அது மேல் அறை. இழுத்துக்கொண்டு போவது லேட்டரல் டெரிகாய்டு. தேரடியில் மெட்ரோ ஏறினால் இறங்கும்வரை இதுதான் எனக்கு வேலை. "காது வலியாப்பா?" என்று ஒரு அம்மா கேட்டார். மூட்டைப் பற்றிச் சொன்னேன். அவரும் விரல் வைத்துப் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கறி வாங்கப் போனபோது, கறிக்கடை அண்ணனிடம் சொல்லி ஒரு பக்கத் தாடையை மூட்டோடு வாங்கி வந்தேன். டிஸ்கை நான் கையால் தொட்டது அன்றைக்குத்தான். ஆனால் ஆடு பக்கவாட்டில் அரைக்கும் பிராணி, அதன் மூட்டுப் பரப்பு நம்முடையதைவிடத் தட்டை. அதை வைத்துப் படம் வரையாதீர்கள்.

மற்றதெல்லாம் வேகமாக:

- மூட்டுப் பரப்பை மூடியிருப்பது ஹயலின் குருத்தெலும்பு அல்ல, ஃபைப்ரோகார்ட்டிலேஜ் (நார்க் குருத்தெலும்பு). கட்டாயம் கேட்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
- ஸ்பீனோமாண்டிபுலர் லிகமெண்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) தாடையின் உள்பக்கம் இருக்கும் சின்ன எலும்பு நாக்கான லிங்குலாவில் போய் ஒட்டும். கருவில் கீழ்த்தாடை உருவாகும் இடத்தில் இருக்கும் மெக்கல் குருத்தெலும்பின் மிச்சம். ஸ்டைலோமாண்டிபுலர் தாடைக் கோணத்தில். மூட்டையே ஒட்டிப் பலம் கொடுப்பது லேட்டரல் லிகமெண்ட்.
- மெல்லும் நான்கு தசைக்கும் (இரண்டு டெரிகாய்டு, மாசெட்டர், டெம்போராலிஸ்) மாண்டிபுலர் நரம்பு. மூட்டுக்கு ஆரிகுலோடெம்போரல், மாசெட்டரிக் நரம்புகள்.
- பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைப்பது மாசெட்டர், பொட்டில் புடைப்பது டெம்போராலிஸ். தாடையைப் பின்னால் இழுப்பது டெம்போராலிஸின் பின்பக்க நார்கள்.

குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. தனியாக, சத்தமாக, கையை ஆட்டிச் சொல்லிப் பார்த்ததுதான் உதவியது.

இரண்டாவது வைவாவில், "கொட்டாவி விட்டவருக்கு வாய் மூடலை, என்ன செய்வே?" என்றார்கள். மண்டை ஓட்டையும் தாடையையும் பொருத்தி, காண்டைலை ஆர்ட்டிகுலர் டியூபர்கிளுக்கு (மூட்டுக் குழிக்கு முன்னால் இருக்கும் எலும்பு மேட்டுக்கு) முன்னால் நிறுத்திக் காட்டினேன். இரண்டு கட்டைவிரலையும் கீழ்க் கடைவாய்ப் பற்கள் பக்கம் வைத்து, முதலில் கீழே அழுத்தி, அப்புறம் பின்னால் தள்ளினேன்.

"ஏன் நேராப் பின்னால் தள்ளக்கூடாது?"

"டியூபர்கிள் மறிக்குது சார். கீழே இறக்கினால்தான் தாண்டும்."

அடுத்த எலும்பை எடுக்கச் சொன்னார்.