நூல் கவுண்ட் பட்டியல் எங்கே போச்சு?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குத் துணி காஸ்டிங் போடும் பைத்தான் நிரலைப் பராமரிக்கும் வேலை வந்தது. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நிரலோடு சில டேட்டா கோப்புகளும் உண்டு: எந்த கவுண்ட் (நூலின் நுண்மையைச் சொல்லும் எண்) நூலுக்கு என்ன ஜிஎஸ்எம் (சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரும் என்ற பட்டியல் (30 கவுண்ட் சிங்கிள் ஜெர்ஸி என்றால் சுமார் 140), டையிங் ஷேடுகள், கொட்டேஷன் பிடிஎஃப்புக்கான தமிழ் எழுத்துரு. சரவணம்பட்டியில் என் லேப்டாப்பில் எல்லாம் ஓடியது. கம்பெனியின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் முதலாளி கூப்பிட்டார்: "ஏனுங்க தம்பி, ஐகானைத் தொட்டா ஒண்ணுமே வர்லீங்களே!"

முதல் காரணம் உடனே தெரிந்தது. பழைய நிரல் கோப்பின் பாதையை வெறுமனே 'டேட்டா' ஃபோல்டர் என்று கொடுத்திருந்தது. அப்படிக் கொடுத்தால் நிரல் இருக்கும் இடத்தில் தேடாது, எங்கிருந்து இயக்குகிறோமோ அங்கேதான் தேடும். நான் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்று ஓட்டியதால் கிடைத்தது. ஐகான் ஹோம் ஃபோல்டரிலிருந்து தொடங்குகிறது.

சரி என்று டண்டர் ஃபைலை (நிரல் கோப்பு தான் இருக்கும் இடத்தைச் சொல்லும் பைத்தான் மாறி) வைத்துப் பாதையைக் கணக்கிட்டேன். அப்போதும் அதே பிழை. பாதை சரி, கோப்புதான் இல்லை! நிரலை இன்னொரு கம்ப்யூட்டரில் ஏற்றக் கட்டும் பொதியான வீல் என்பது ஒரு ஜிப் கோப்புதான். பட்டியல் போட்டுப் பார்த்தால் உள்ளே பைத்தான் கோப்புகள் மட்டும். பட்டியல்கள் இருக்கும் சிஎஸ்வி, எழுத்துரு எல்லாம் வேண்டும் என்று, பொதியை எப்படிக் கட்டுவது எனச் சொல்லும் பைப்ராஜெக்ட் டாமல் கோப்பில் 'பேக்கேஜ் டேட்டா' பகுதியில் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. என் லேப்டாப்பில் இது ஏன் தெரியவில்லை? நான் ஓட்டியது பிப் (பைத்தான் பொதிகளை ஏற்றும் கருவி) இன்ஸ்டால் மைனஸ் ஈ. அது எதையும் நகலெடுக்காமல் மூல ஃபோல்டரையே காட்டிவிடும். அங்கே கோப்பு இருக்கத்தானே செய்யும்! வளர்ச்சிக் கட்டத்தில் இவ்வளவு வசதியாக ஏமாற்றும் வழி வேறில்லை என்பேன். இப்போதெல்லாம் வீலைக் கட்டி, புது விர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (மற்றதோடு கலக்காத தனி பைத்தான் சூழல்) ஏற்றி, டெம்ப் ஃபோல்டரில் நின்று ஓட்டிப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

பாதைக் கணக்கையும் அப்புறம் எடுத்துவிட்டு, பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்புகளைப் படிக்க பைத்தானே தரும் இம்போர்ட்லிப் ரிசோர்சஸுக்கு மாறினேன். அதில் 'ஃபைல்ஸ்' பைத்தான் 3.9-இல் வந்தது. சிஎஸ்வியை அப்படியே படிக்கலாம். எழுத்துருவுக்கு மட்டும் பிடிஎஃப் லைப்ரரி நிஜமான பாதை கேட்டது. அதற்கு 'ஆஸ் ஃபைல்'. ஜிப்புக்குள் இருந்தால் அது தற்காலிக நகலைத் தந்து, அதைப் பயன்படுத்தும் வித் பிளாக் ('வித்' என்று தொடங்கும் நிரல் பகுதி) முடிந்ததும் அழித்துவிடும். அதனால் எழுத்துருவை பிளாக்குக்குள்ளேயே ஏற்றிவிட வேண்டும்.

நூல் ரேட் கோப்புதான் வேறு கதை. அதுவும் பேக்கேஜுக்குள் கிடந்தது. அடிக்கடி மாறும் ரேட்டை ஆபீஸில் திருத்தி வைப்பார்கள், அடுத்த அப்டேட்டில் பிப் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்துவிடும். அதை வெளியே எடுத்து, லினக்ஸ் வழக்கப்படி ஹோம் ஃபோல்டரில் டாட் லோக்கல், ஷேர் என்ற இடத்துக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்டிஜி டேட்டா ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் இருந்தால் அதைத்தான் நிரல் முதலில் பார்க்கும். என் லேப்டாப்பில் அதைச் சோதனை ஃபோல்டருக்குத் திருப்பியிருக்கிறேன்.

மெர்ச்சண்டைசர் மேசையில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர் இன்னும் பாக்கி. அங்கே பைத்தான் நிரலைத் தனியாக ஓடும் ஆப் ஆக்கும் பைஇன்ஸ்டாலர்தான், அதற்கும் டேட்டா கோப்புகளை 'ஆட் டேட்டா' என்று தனியாகச் சொல்ல வேண்டுமாம்.