செவ்வரத்தம்பூவுக்கு அடுத்த பாடம்

விஞ்ஞானம் படிப்பிக்கிற எவரிடமும் கேட்டுப் பாருங்கள், பூக்களின் இனப்பெருக்கம் படிப்பிக்கும் நாளைப் போலக் கலகலப்பான நாள் அந்தத் தவணையிலேயே இராது. பிள்ளைகள் வீட்டு வேலியில் இருந்து செவ்வரத்தம்பூ பிடுங்கி வருவார்கள். பாதி பிளேட்டால் அதை நெடுக்காகப் பிளந்து, சூலகத்துக்குள் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும் சூல்வித்துகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவார்கள். மகரந்தம் விரல், கொப்பி, சட்டைக் கொலர் எல்லாம் மஞ்சளாக ஒட்டியிருக்கும். அதற்குப் பிறகு மனித இனப்பெருக்கம் வரும். அங்கே வந்ததும் எத்தனையோ வகுப்பறைகளில் படத்தைப் பார்த்து நாலு பெயரைக் கொப்பியில் எழுதச் சொல்லிவிட்டு, "மிச்சத்தை வீட்டில வாசியுங்கோ" என்று அடுத்த அலகுக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் வீட்டில் வாசிக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் போனில்.

நான் திருகோணமலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பாலியல் கல்வி பற்றி நாட்டில் சண்டை கிளம்பும் ஒவ்வொரு முறையும், இது வெள்ளைக்காரன் எங்கள் பிள்ளைகளைக் கெடுக்கக் கொண்டுவந்த சாமான் என்று ஒருவராவது சொல்வார். வெள்ளைக்காரன் நாட்டிலும் இதே சண்டைதான் நடந்தது, சில இடங்களில் இன்னும் நடக்கிறது. ஆனால் இந்த வரலாற்றை வாசிக்க வாசிக்க எனக்கு உறைத்தது வேறொன்று. அனேகமாக எங்கேயுமே இந்தப் பாடம் பிள்ளையின் தேவையைப் பார்த்துத் தொடங்கவில்லை. பெரியவர்கள் எதற்காவது பயந்தபோதுதான் பாடசாலைக் கதவு திறந்தது, பயம் விட்டதும் மூடிக்கொண்டது.

முதல் பயம் மேகநோய், அதாவது உடலுறவால் தொற்றும் நோய். கப்பற்படை இருந்த ஊர்க்காரர் எங்களுக்கு இது லேசாக விளங்கும், 1957 வரை பிரித்தானியக் கடற்படை இந்தத் துறைமுகத்தில்தானே இருந்தது. 1864இல் பிரித்தானியா ஒரு சட்டம் போட்டது. சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் நோய் வரக்கூடாது என்பதற்காக, விலைமாதர் என்று பொலிஸ் சந்தேகப்பட்ட பெண்களைப் பிடித்துக் கட்டாயமாகப் பரிசோதிக்கலாம் என்ற சட்டம். ஆண்களை அது தொடவே இல்லை. ஜோசபின் பட்லர் என்ற பெண்மணியும் அவரோடு நின்றவர்களும் வருடக்கணக்காகப் போராடித்தான் 1886இல் அதை நீக்க வைத்தார்கள். பிறகு 1913இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரப் பாடசாலைகளில், கல்வி அத்தியட்சகராக இருந்த எல்லா பிளாக் யங், டொக்டர்மாரைக் கொண்டு பிள்ளைகளுக்கு விரிவுரை நடத்தினார். அதற்கும் நோய்ப் பயம்தான் காரணம். எதிர்ப்பு வந்ததும் கொஞ்ச நாளிலேயே அது நின்றுபோனது.

சுவீடனின் கதை கொஞ்சம் வேறு மாதிரி. 1955இல் பாலியல் கல்வியைப் பாடசாலைகளில் கட்டாயமாக்கிய முதல் நாடு அது. அதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் எலிசே ஒட்டெசன் யென்சன், நோர்வேயில் ஒரு பாதிரியாரின் மகள், பதினெட்டுப் பிள்ளைகளில் பதினேழாவது. அவருடைய தங்கை கல்யாணம் ஆகாமல் கர்ப்பமானபோது, ஊருக்குத் தெரியக்கூடாது என்று டென்மார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளையைப் பெற்றதும் வாங்கிக்கொண்டார்கள். அந்தத் துக்கம்தான் அக்காவை இந்த வேலைக்குள் இழுத்தது. இதை முதன்முதல் வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நோர்வேயை எடுத்துவிட்டு எங்கள் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரைப் போட்டால் ஒரு வரிகூட மாற்றத் தேவையில்லை. இங்கேயும் பிள்ளையைக் கொழும்பில் சித்தி வீட்டுக்கு அனுப்புவார்கள், "அவ அங்க கோர்ஸ் ஒண்டு செய்யிறா" என்பார்கள்.

அடுத்த பயம் சனத்தொகை. 1952இல் பம்பாயில் உலகக் குடும்பத்திட்டச் சம்மேளனம் உருவானது, அதிலும் ஒட்டெசன் யென்சன் இருந்தார். அடுத்த வருடமே இலங்கைக் குடும்பத்திட்டச் சங்கம் தொடங்கியது. 1970களில் குடித்தொகைக் கல்வி என்ற பெயரில் எங்கள் பாடத்திட்டத்துக்குள்ளும் கொஞ்சம் நுழைந்தது, அதிகமும் பிறப்பு வீதம் இறப்பு வீதக் கணக்கு. அப்புறம் எயிட்ஸ். 1986இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக இருந்த எவரெட் கூப், கருக்கலைப்பை எதிர்த்த தீவிர கிறிஸ்தவர், ஆரம்பப் பாடசாலையிலேயே இதைப் படிப்பிக்கத் தொடங்க வேண்டும் என்று எழுதினார். அவரை அந்தப் பதவிக்குக் கொண்டுவந்த ஆட்களே திகைத்துப்போனார்கள். டொக்டராக நின்று பார்த்ததை எழுதினார், அவ்வளவுதான். அந்த மனிதரில் எனக்கு மரியாதை உண்டு.

இத்தனை பயங்களுக்கு நடுவில் எங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு என்ன தேவை?

நான் வகுப்பில் ஒரு சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை வெட்டி வைத்திருக்கிறேன். பெயர் எழுதத் தேவையில்லை, கேள்வியை எழுதிப் போடலாம். வரும் துண்டுகளில் அனேகமானவை பெரியவர்கள் பயப்படுகிற விஷயங்களே அல்ல. மாதவிடாய் இரண்டு மாதம் வராவிட்டால் நோயா? ஒரு பக்க மார்பு மற்றதைவிடச் சின்னதாக இருந்தால் ஒப்பரேஷன் செய்ய வேணுமா? குரல் எப்போது பழையபடி வரும்? நித்திரையில் விந்து வெளியேறினால் உடம்பு மெலிந்துபோகுமா? இந்தக் கடைசிக் கேள்வி எல்லா வருடமும் வரும். ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு இரத்தம் என்று எவனோ சொன்னதையும், நடுச்சாமத்தில் இந்தியத் தொலைக்காட்சியில் வைத்தியர் ஒருவர் மேசையடித்துச் சொன்னதையும் நம்பி, சோறு இறங்காமல், படிப்பில் மனம் போகாமல் திரிந்த பெடியன்களை எனக்குத் தெரியும். அது வளரும் உடம்பில் இயல்பாக நடப்பது, அதனால் ஒரு பலமும் குறையாது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை ஒருவரும் கொடுக்காததால் எத்தனை பிள்ளைகள் வருடக்கணக்காகப் பயந்து திரிகிறார்கள்.

பெண்பிள்ளைகளின் கதை இன்னும் கவலை. பிள்ளை பெரியபிள்ளையானால் மாமி தலைக்குத் தண்ணீர் வார்ப்பார், மண்டபம் எடுப்போம், வீடியோ எடுப்போம், வாசலில் ஆளுயரப் படம் வைப்போம். சடங்கில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, என் மகளுக்கும் வடிவாகச் செய்தோம். ஆனால் நல்லெண்ணெயும் முட்டையும் உழுந்தங்களியும் கொடுத்து அறைக்குள் இருத்தி வைத்திருக்கும் அந்த நாட்களில், உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பிள்ளையிடம் யார் கதைக்கிறோம்? அதைவிட, அந்த நாள் வருவதற்கு முன்னமே யார் சொல்லியிருந்தோம்? 2017இலிருந்து 6ஆம் தரப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள், ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. நல்ல காரியம், தவறாமல் போட வையுங்கள். ஊசி போடும் நாளில் பிள்ளைகள் வரிசையில் நின்று, இது ஏன் எங்களுக்கு மட்டும் என்று கேட்பார்கள். கர்ப்பப்பைக் கழுத்தில் வரும் புற்றுநோய், அதற்குக் காரணமான வைரஸ் எப்படித் தொற்றுகிறது என்று பதினொரு வயதுக்கு ஏற்ற மாதிரிச் சொல்லலாம். ஆனால் "காய்ச்சல் வராமல் இருக்க" என்று ஒரு தாய் சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்தப் பாடத்தின் முதல் நோக்கம் என்னைப் பொறுத்தவரை பாதுகாப்பு. தன் உடம்பின் பாகங்களைக் கூச்சமில்லாமல் சொல்லத் தெரிந்த பிள்ளைதான், யாராவது தொட்டால் எங்கே தொட்டார் என்று சொல்லும். பெடியன்களுக்கும் இது நடக்கிறது, அவர்கள் இன்னும் குறைவாகத்தான் வாய் திறக்கிறார்கள். எங்கள் சட்டத்தில் 1995 வரை சம்மத வயது வெறும் 12, அந்த வருடத் திருத்தத்தில்தான் 16 ஆனது. அதே வருடம்தான் பொதுத் திருமணச் சட்டத்தில் திருமண வயதும் 18 ஆனது. இதையெல்லாம் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. யுத்த காலத்தில் பிள்ளைபிடிக்குப் பயந்து, அதாவது பிள்ளைகளைச் சண்டைக்குக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்து, சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்த குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் நிறைய. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இப்போது என் வகுப்பில் இருக்கிறார்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தை வருடத் தொடக்கத்திலேயே எல்லோரையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுத வைத்துவிடுவேன்.

சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. முறையான பாலியல் கல்வி பிள்ளைகளை அவசரப்படுத்துவதில்லை என்பதுதான் அதில் கண்டது. சமயம் விடாது என்பதும் சரியில்லை. கிண்ணியாவில் படிப்பிக்கும் என் சிநேகிதி சொல்வார், மதரசாவில் ஹைழ் என்கிற மாதவிடாய் பற்றியும் கடமையான குளிப்புப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சட்டமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள், பாடசாலையில்தான் ரீச்சர்மாருக்கு வாய் கட்டிப்போகிறது என்று.

போன வருடம் பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிக் கதைத்தபோது, தாய்மார் சிலர் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் மருத்துவமாதுவைக் கூப்பிட்டால் போதும் என்றார்கள். அப்போது பின்வரிசையில் இருந்து திருக்கடலூர்த் தகப்பன் ஒருவர் எழும்பினார், கடற்தொழில் செய்கிறவர்.

"ரீச்சர், பெட்டைக்குத் தாய் சொல்லுவா. என்ர பெடியனுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? எனக்கே ஒருத்தரும் சொல்லேல்லையே."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. "அப்ப அவனுக்கும் வகுப்பு வைப்பம் ஐயா, நீங்களும் வந்து இருங்கோ" என்றேன். இந்தத் தவணையில் 8ஆம் தரத்துக்கு ஆண், பெண் இருவரையும் ஒரே வகுப்பில் வைத்துத் தொடங்கினோம். கூச்சமான கேள்விகளுக்கு மட்டும் பிரித்து, பெடியன்களோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கதைத்தார், பெண்பிள்ளைகளோடு மருத்துவமாது. அந்தத் தகப்பன் தொழிலுக்குப் போகாமல் வந்து கடைசி வாங்கில் இருந்தார். முடிந்ததும் கரும்பலகையில் இருந்த படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு போனார்.