நிலத்தில் இழுபட்ட சீலை

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருந்த காலத்தில் நிறை பார்ப்பது என் வேலை. தராசில் ஏற்றி, கொப்பியில் எழுதி, அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். காலை எட்டு மணிக்கே வாங்கு நிரம்பிவிடும். ஒருவருக்கு அரை நிமிடம் கொடுத்தாலே பெரிது.

விசுவமடுவிலிருந்து ஓர் அம்மா வருவார். 68 வயது. பிறசர், கூடவே கைவிரல்களில் மூட்டுவாதம். 2009இல் செட்டிகுளம் முகாமில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவர். ஊர் திரும்பி அவருக்கு உடம்பு வைத்தபோது வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். வன்னியில் உடம்பு வைப்பது தப்பிப் பிழைத்ததற்கு அத்தாட்சி மாதிரி. நாங்களோ 74 கிலோவைக் கண்டதும் குறைக்கச் சொன்னோம்.

ஒரு வருடத்தில் 65க்கு வந்தார். "கெட்டிக்காரி அம்மா" என்று சொல்லி, கொப்பியில் சரி அடையாளமும் போட்டேன்.

"சாப்பாட்டில மனமில்லை மிஸி. விடிய விரல் மடங்காது, சட்டைக் கொளுக்கி பூட்ட மகள்தான் வரவேணும். சீலையும் நிலத்தில இழுபடுது" என்றார். உயர்த்திக் கட்டுங்கோ என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

இரண்டு மாதத்தில் கிணற்றடியில் சறுக்கி, மணிக்கட்டு முறிந்து வந்தார். எக்ஸ்றேயில் முதுகின் இரண்டு முள்ளெலும்புகள் முன்பே நசுங்கியிருந்தன. அவர் உயரம் குறைந்து போயிருந்தார். அதுதான் சீலை இழுபட்டது.

மூட்டில் கனலும் அழற்சி மூட்டோடு நிற்காது. அது இரத்தத்தில் விடும் இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் போன்ற பொருட்கள் எலும்பைக் கரைக்கும் கலங்களை உசுப்பிவிடும். எலும்பைக் கட்டும் கலங்களால் ஈடுகொடுக்க முடியாது. பசியைக் கெடுத்துத் தசையைத் தின்பதும் அதே பொருட்கள்தான். நான் சரி போட்ட ஒன்பது கிலோவில் எவ்வளவு தசை போயிருக்கும்! மெலிந்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறியும் ஆபத்து அதிகம், உண்மைதான். அதற்காகப் பருத்த உடம்பு எலும்புக்குக் காவல் என்று நம்பியிருக்கவும் முடியாது. வயிற்றுக் கொழுப்பும் அதே பொருட்களைச் சுரக்கிறது.

இப்போது நிறை குறைந்தால் முதலில் கேட்பது, "நீங்களாகக் குறைச்சனீங்களா, தானாகக் குறைஞ்சதா?" என்றுதான். வலிக்கென்று கடையில் குளிசை வாங்குகிறார்களா என்றும் கேட்பேன். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையை மாதக்கணக்கில் விழுங்கினால் எலும்பு இன்னும் தேயும். சுவரில் பென்சிலால் கோடு போட்டு உயரமும் பார்க்கிறேன்.

அந்த அம்மாவுக்கு மூட்டு அழற்சியை அடக்கும் மெதோட்ரெக்சேட் மருந்தை வாரம் ஒருமுறை என்று தொடங்கினார்கள். குரக்கன் கஞ்சியும் நெத்தலியும் நான் சொன்னது. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. ஆறு மாதம் கழித்துத் தராசில் ஏறியவர், முள்ளைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"ரெண்டு கிலோ கூடிட்டுது மிஸி, ஏசாதேங்கோ."

சட்டைக் கொளுக்கியைப் பார்த்து, யார் பூட்டினது என்று கேட்டேன். "நான்தான்" என்றார்.