நாலாய் மடித்த துண்டு

மகன் இறந்து எட்டு மாதம் கழித்துத்தான் அக்காவை வேளாங்கண்ணிக்கு அழைத்துப் போக முடிந்தது. நாகப்பட்டினத்தில் பஸ் மாறி ஏறிய பிறகும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றம் என்னுடையது. அடக்கத்தன்று, "எல்லாம் ஆண்டவர் சித்தம், மனதைத் தேற்றிக்கொள்" என்று சொல்லியிருந்தேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். பத்தொன்பது வயதுப் பிள்ளையைக் குழிக்குள் இறக்கிவிட்டு நிற்கிற தாயின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்!

மாலையில் கடற்கரைப் பக்கம் போனோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பண்டிகைக்கு வந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் இந்தக் கரையில்தான் சுனாமிக்குப் பலியானார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை என்பதை அற்புதமாகச் சொல்பவர்கள் உண்டு. மாதாவிடம் எனக்கும் விசுவாசம் உண்டு. ஆனாலும் இங்கே பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அதைச் சொல்ல இனி எனக்கு நா எழாது. விவிலியத்தில், பிள்ளைகளை எல்லாம் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்தான். பேசத் தொடங்கிய பிறகுதான் புண்ணைக் கிளறினார்கள். இறந்துபோன இலாசரை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும், இலாசரின் சகோதரி மரியா அழுவதைக் கண்ட இயேசு தாமும் கண்ணீர் விட்டார். சித்தம், சோதனை என்று அந்தப் பெண்ணுக்கு அவர் விளக்கம் சொல்லவில்லை.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் அக்கா முழந்தாளிட்டு நகரத் தொடங்கினாள். நேர்த்திக்கடன் என்று எதுவும் இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. செபமாலை கையில் இருந்தது, உதடு அசையவில்லை. கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டாள். முழங்காலில் மணல் அப்பி, தோல் உரிந்து சிவந்திருந்தது.

பின்னால் வந்த ஒரு வயதான அம்மா குனிந்து, தம் துண்டை நாலாய் மடித்து அக்காவின் முழங்காலுக்கு முன்னால் போட்டார். எந்த ஊர், என்ன வேண்டுதல் என்று எதுவும் கேட்கவில்லை. அக்கா அதன்மேல் நகர்ந்ததும் உருவி, உதறி, மறுபடி முன்னால் போட்டார். அப்படியே பத்துப் பதினைந்து தடவை. அக்கா அழத் தொடங்கினாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த அம்மாவுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் கை நிற்கவில்லை.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, உன் தோளில் கிடப்பதை எடு" என்றார்.

மடித்துப் போட்டேன். அவர் ஒன்று, நான் ஒன்று, மாற்றி மாற்றி. குளம் கண்ணுக்குத் தெரிந்தபோது அக்கா என் தோளை ஊன்றிக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளிப் போடு" என்றாள்.