ஜெர்மன் காகிதங்களில் டாம் ஃபொன் பிரின்ஸைத் தேடியபோது

1914 நவம்பரில், அப்போது ஜெர்மன் காலனியாக இருந்த இன்றைய தான்சானியாவின் தாங்கா துறைமுகத்தில் பிரிட்டன் தரப்பில் இறங்கிய படைகளில் 63ஆம் பாளையங்கோட்டை காலாட்படையும் ஒன்று. அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், எதிர்த்தரப்பான ஜெர்மன் படையில் நவம்பர் 4 அன்று மடிந்த கேப்டன் டாம் ஃபொன் பிரின்ஸின் பெயர் கண்ணில் பட்டது. இந்த மனிதர் அதற்கு முன் ஆப்பிரிக்காவில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அறியாமல் மேலே போக மனம் வரவில்லை.

ஜெர்மனியின் பெரிய மாநில அரசான பிரஷ்யாவின் படை அதிகாரிகளுடைய பணிக்கோப்பைத் தேடுபவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் மீது விழுந்த குண்டுகளில் அந்தப் படையின் ஆவணங்களில் பெரும்பகுதி எரிந்துபோனது. சுற்றுவழிதான் உண்டு. ஆண்டுதோறும் அச்சான அதிகாரிகள் பட்டியலில் பதவி உயர்வுகளைப் பிடிக்கலாம். காலனி அரசிதழில் படையெடுப்பு அறிக்கைகள் இருக்கின்றன. பெர்லின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் காலனி அலுவலகக் கோப்புகள் ‘ஆர் 1001’ என்ற வரிசையில் உள்ளன. பலவற்றை வீட்டிலிருந்தே இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெயரை இரு விதமாகத் தேடுங்கள். ‘ஃபொன்’ என்ற பிரபுப் பட்டம் அவருக்குப் பின்னாளில்தான் கிடைத்தது; பழைய தாள்களில் வெறும் பிரின்ஸ்.

ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்து விரைவில் பழகிவிடும். குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்துதான் ஆளை வாட்டுகிறது. முழு வாக்கியத்தோடு மல்லுக்கட்டாமல் தேதியையும் ஊர்ப்பெயரையும் மட்டும் முதலில் பொறுக்கி எடுத்தேன். அதன் பிறகுதான் கோப்புகள் பேசத் தொடங்கின.

பிரின்ஸ் 1866இல் மொரீஷியஸில் பிறந்தவர். 1893 ஜனவரியில் தபோராவில் உள்ளூர்த் தலைவர் இசிகேயின் கோட்டையைத் தகர்த்தார். 1896இல் இரிங்காவில் ராணுவ நிலையம் அமைத்தார். ஜெர்மன் தாள்களை மட்டும் படித்தால் இது உயர்வுக்கு மேல் உயர்வு. எனக்கு அது போதவில்லை. ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் அவருடைய பதவிகளையும் வலப்பக்கம் இரிங்கா பகுதியில் வாழும் ஹேஹே மக்களுக்கு அதே ஆண்டுகளில் நேர்ந்ததையும் எழுதினேன். 1891 ஆகஸ்டில் லுகாலோவில் ஹேஹே வீரர்கள் ஜெர்மன் படையணி ஒன்றை அழித்தார்கள். 1894இல் அவர்களுடைய தலைநகர் கலெங்கா வீழ்ந்தது. அவர்களுடைய தலைவர் ம்க்வாவா பணியவில்லை. அவர் தலைக்கு 5,000 ரூபாய் விலை வைத்தார்கள். அந்த வேட்டையை இரிங்காவிலிருந்து நடத்தியவர் பிரின்ஸ். 1898 ஜூலை 19 அன்று, பிடிபடாமல், ம்க்வாவா தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். தலையைத் துண்டித்து பிரின்ஸின் முகாமுக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த மண்டையோட்டை ஜெர்மனி திருப்பித் தர வேண்டும் என்று, முதல் உலகப் போரை முடித்துவைத்த வெர்சாய் ஒப்பந்தத்தின் 246ஆம் பிரிவே சொல்கிறது. ஆனாலும் 1954இல்தான் ஒரு மண்டையோடு கலெங்காவுக்கு வந்து சேர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் பிரின்ஸை வெறும் துணிச்சல்காரர் என்று எழுதும் வாழ்க்கைக் குறிப்புகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடுத்தது லண்டன் தேசிய ஆவணக் காப்பகம். கிழக்கு ஆப்பிரிக்கப் போர் நாட்குறிப்புகள் அங்கே ‘டபிள்யூஓ 95’ வரிசையில் இருக்கின்றன. பாளையங்கோட்டைப் படையினர் பற்றி அவற்றில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.