துண்டுச் சீட்டு

"போன்ல கேட்டு எழுதுறாங்களா? யாரு எழுதுறது?" என்று டாக்டர் கேட்டார்.

"கவுண்டர்ல அக்காதான் டாக்டர்" என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இரண்டு வினாடிகூட இருந்திருக்காது. "பொதுவா பல கிளினிக்ல இப்படி நடக்குது, அதான் சொன்னேன்" என்று நழுவியிருக்கலாம். "யாருன்னு சரியாத் தெரியல" என்றிருக்கலாம். இப்படி ஏழெட்டுப் பதில்கள் இன்று கைவசம் இருக்கின்றன. தில்லைநகர் பக்கம் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் புதிதாக ஒன்று தோன்றும்.

லேப் மார்க்கெட்டிங்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, டாக்டரைப் பிடிப்பதற்கு முன் கவுண்டரைப் பிடிக்க வேண்டும். டோக்கன் நோட்டு அவர்கள் கையில். "ரெப் எல்லாம் ஒன்பதரைக்கு மேல" என்று விரட்டுவதும் அவர்கள்தான், "இந்த பேஷன்ட் வெளிய வந்ததும் சட்டுனு போயிட்டு வந்துருங்க" என்று கண்ணைக் காட்டுவதும் அவர்கள்தான். எந்த லேபின் பேடு மேஜை மேல் இருக்க வேண்டும், எது டிராயருக்குள் போக வேண்டும் என்பதும் அங்கேதான் முடிவாகும். அதனால் எல்லோரும் ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பேனா, டைரி, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ். மருந்துக் கம்பெனிகளிடம் டாக்டர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2009-லேயே விதியைத் திருத்திவிட்டது. 2024 மார்ச்சில் கம்பெனிகளுக்கும் தனியாக ஒரு நெறிமுறை வந்தது. அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது எங்கள் மேனேஜர் சிரித்தார். "நாம மருந்து விக்கல. கவுண்டர்ல இருக்கறவங்க டாக்டரும் இல்ல. ஸ்வீட்டை எடுத்துட்டுக் கிளம்பு."

நான் அந்த அக்காவை ஸ்வீட் கொடுத்துப் பிடிக்கவில்லை. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்று வாரம், முடிந்த சாயங்காலமெல்லாம் போய் அந்த பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அந்த நாற்காலியில் என்ன கஷ்டம் என்று பார்த்தேன். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர் சாயங்காலம் ஆறு மணிக்கு ரிவ்யூவுக்கு வந்து நிற்பார். ரிப்போர்ட் வந்திருக்காது. லேபை யாரும் திட்ட மாட்டார்கள், லேப் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே பேஷன்ட்டுக்குத் தெரியாது. எதிரே இருப்பவர் அக்கா. "ஏழு மணிக்குக் குடுத்த ரத்தம்மா, இன்னுமா வரல?" என்று அவர் மேல்தான் பாய்வார்கள். அதற்குள் உள்ளேயிருந்து பெல் அடிக்கும்.

முதல் வாரத்திலேயே அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அப்போதிருந்த லேபின் பேடிலேயே எழுதிக்கொண்டிருந்தார். "யூரியா முப்பத்தெட்டு. கிரியாட்டினின் ஒண்ணு பாயிண்ட் ரெண்டு. ஒண்ணு, புள்ளி, ரெண்டு. சரியா? பொட்டாசியம் நாலு பாயிண்ட் ஒண்ணு. நீ ஒருதடவை திருப்பிச் சொல்லு." எழுதியதைக் கிழித்து ஃபைலில் செருகி உள்ளே அனுப்பினார். அச்சடித்த ரிப்போர்ட் மறுநாள் வரும். வந்ததும் சீட்டை உருவிவிட்டு அதை வைத்துவிடுவார்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "லேப்லேர்ந்து எழுதி அனுப்புறாங்கன்னுதான் டாக்டர் நெனச்சிட்டிருக்காரு. நீங்க எதுவும் சொல்லிக்காதீங்க தம்பி" என்றார்.

"ச்சே, நான் ஏன்க்கா சொல்லப் போறேன்."

அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

எங்கள் லேபுக்கு மாறினால் ஐந்து மணிக்குள் ரிப்போர்ட் உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். டாக்டரிடம் சொல்வதற்கு முன்பே அவரிடம்தான் சொன்னேன். "வியாழக்கிழமை கூட்டம் கம்மி. எட்டரைக்கு வாங்க" என்று நேரம் பார்த்துக் கொடுத்ததும் அவர்தான்.

வியாழக்கிழமை ரேட் கார்டை நீட்டினேன். டாக்டர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இப்ப இருக்கற லேப்ல எனக்கொண்ணும் பிரச்சினை இல்லையே தம்பி" என்று கையைப் பெல் பக்கம் கொண்டுபோனார். அந்தக் கை பெல்லைத் தொட்டால் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிடும், மூன்று வாரமும் போச்சு. "பிரச்சினை இருக்கு டாக்டர், உங்ககிட்ட வரல. ரிப்போர்ட் லேட்டாகுது, போன்ல கேட்டு எழுதின சீட்டைத்தான் நீங்க பாக்கறீங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி, அந்தப் பதில்.

கை பெல்லிலிருந்து விலகியது. மேஜையில் இருந்த ஃபைலைத் திறந்து ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தார். "ஒண்ணாம் தேதியிலேர்ந்து உங்களுக்கு அனுப்பச் சொல்றேன்" என்றார்.

வெளியே வந்தேன். "என்ன தம்பி, ஆச்சா?" என்று சிரித்தார் அக்கா.

"ஆச்சுக்கா. எல்லாம் உங்க புண்ணியம்."

அடுத்த வாரம் போனபோது டோக்கன் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "உக்காருங்க சார். வரிசைல கூப்பிடுறேன்" என்றார். அன்றிலிருந்து சார்தான். முகத்தைச் சுளிப்பதில்லை, ஃபார்மைத் தேட விடுவதில்லை, சாம்பிள் எல்லாம் தயாராக இருக்கும். ஒரு குறை சொல்ல முடியாது. டாக்டர் அவரிடம் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

நான் சொன்னது தப்பா? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.2 என்பது காதில் 2.1 என்று விழுந்தால் மாத்திரையின் அளவே மாறிப்போகும். பொட்டாசியம் 3.5 என்பதை 5.3 என்று எழுதினால் கேட்கவே வேண்டாம். எதை வைத்து மருந்து எழுதுகிறோம் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. தினமும் ஆறு மணிக்குத் திட்டு வாங்குவதும் அவருக்கு இப்போது குறைந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் நல்லதுதான் செய்திருக்கிறேன்.

ஆனால் அவ்வளவு ஆபத்து என்றால் முதல் வாரத்தில் பார்த்ததை ஏன் வைத்திருந்தேன்? பெல் பக்கம் கை போன பிறகுதான் எனக்குப் பேஷன்ட் மேல் அக்கறை வந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. போனில் ரிசல்ட் சொன்னால் கேட்டவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அக்கா அதைச் செய்துகொண்டிருந்தார். அதை என் காதால் கேட்டிருந்தேன். டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்தான். மறக்கவில்லை, சொன்னால் என் பேச்சு வலுவிழக்கும்.

புதிதாகச் சேரும் பையன்களுக்கு இப்போது நான்தான் வகுப்பு எடுக்கிறேன். "கவுண்டர்ல இருக்கறவங்களுக்கு என்ன கஷ்டம்னு முதல்ல பாரு" என்று ஆரம்பித்து இந்தக் கதையைத்தான் சொல்வேன். ரேட் கார்டு, பெல், ஒண்ணாம் தேதி வரைக்கும். நல்ல உதாரணம் என்று மேனேஜருக்கும் இதில் திருப்தி.

போன மாதம் ஒருநாள் எங்கள் மெஷின் பழுதாகி ரிப்போர்ட் எல்லாம் தாமதமாகிவிட்டது. ஆறே முக்காலுக்கு அந்த கிளினிக்கின் ஒரே ஒரு ரிசல்ட் மட்டும் வந்தது, அச்சில் வர இன்னும் அரை மணியாகும் என்றார்கள். நானே அக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா, கிரியாட்டினின் வந்துருச்சு, சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

"வேண்டாம் சார். போன்ல கேட்டு எழுதக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரிப்போர்ட் வரட்டும்."

பின்னால் யாரோ அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது போனில் தெளிவாகக் கேட்டது. காலையில் ஏழு மணிக்குக் கொடுத்த ரத்தமாம்.